ஆளைத் தூக்கியாச்சு

தேர்வு வைக்கப் பயிற்சியாளர் வருவதற்குள் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று அறைக்குள் ஓடி வந்தவளுக்கு, கட்டிலில் ஆள் தயாராகப் படுத்திருந்தது பெரிய நிம்மதியாக இருந்தது.

அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்குப் புயல் என்று பெயர். நோயாளியைத் தூக்கி மாற்றும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வர யாருக்குப் பொறுமை என்று கையாலேயே ஆளை அலாக்காகத் தூக்கிவிடுவாள். போன தேர்வில் தோற்றதும் அதனால்தான். இன்றும் தோற்றால் வேலை போய்விடும்.

“நோயாளியா நடிக்க வெளியிலேருந்து ஒருத்தர் வருவார். நல்லா முரண்டு பிடிப்பார். பேசிப் பேசித்தான் தூக்கணும்,” என்று பயிற்சியாளர் நேற்றே எச்சரித்திருந்தார்.

கட்டில் சக்கரத்தைப் பூட்டினாள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கினாள். “ஐயா, உங்களை மெதுவா நாற்காலிக்கு மாத்தப் போறேன்,” என்றபடி அவரைப் புரட்டி, தூக்கும் துணியை அடியில் செருகி மெஷின் கொக்கியில் மாட்டினாள்.

அவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். “என்னம்மா பண்றீங்க?”

முரண்டு ஆரம்பித்துவிட்டது. நல்ல நடிகர்தான்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. சும்மா கண் அசந்துட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான்பா சொல்வாங்க.”

“அந்த மெஷின்ல கை வைக்காதீங்க.”

“நான் இருக்கேன்ல, என்ன பயம்?” என்று பொத்தானை அழுத்தினாள்.

அவர் அழகாக மேலே போனார். இறங்கத்தான் இல்லை. மறுபடி அழுத்தினாள். இன்னும் ஒரு முழம் ஏறினார். பதறிப்போய் மெஷினை ஒரு தட்டு தட்டினாள். துணி சுருண்டு அவர் கையோடு வாயையும் மூடிக்கொண்டது.

பயிற்சியாளர் வந்து நிமிர்ந்து பார்த்தார். “அவர்கிட்ட பேசினியா?”

“விடாம பேசினேன் சார்.”

“அப்ப இறக்கு.”

“அதுதான் வரமாட்டேங்குது சார்.”

அவரும் அழுத்தினார். மேலே இருந்தவர் அரை வட்டம் சுற்றி ஜன்னலைப் பார்த்து நின்றார்.

“ஐயா, நடிச்சது போதும்,” என்றார் பயிற்சியாளர். துணிக்குள்ளிருந்து “ம்ம்ம்” என்று ஆவேசமாகச் சத்தம் வந்தது. “தொழில்ல ரொம்ப ஈடுபாடு,” என்று முணுமுணுத்துவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டார்.

“மெக்கானிக் வந்து ரொம்ப நேரமாச்சாம். இங்கதான் எங்கேயோ இருக்காராம். ஓடிப்போய்த் தேடு.”

சமையலறை, துணி துவைக்கும் அறை, மாடி எல்லாம் ஓடினாள். கழிப்பறைக் கதவைக்கூடத் தட்டினாள். அறையைக் கடக்கும்போதெல்லாம், “இதோ ஆள் வந்துடுவார்பா,” என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு ஓடினாள். யாரும் அகப்படவில்லை. கடைசியில் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“அக்கா, மெக்கானிக்கை எங்கேயாவது பார்த்தீங்களா?”

அக்கா வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“மெஷின் இறங்க மாட்டேங்குதுன்னுதானே அவரை வரச் சொன்னாங்க. அவரையே ஏன்டி அதுல ஏத்தி வச்சிருக்கே?”