ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

ஆல்டர் ஹார்பர், மிச்சிகன்
ஏப்ரல் 9, 2024

அரிசோனா வெயிலில் முழங்காலைக் காயவைத்துக்கொண்டிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஆர்வோ அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய லேலண்ட் நீமி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் இரத்த அழுத்தம், வாசலில் இன்னும் கரையாத இரண்டடிப் பனி, மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் லோயிஸ் அக்காவும் அப்படியே என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை மார்லிஸ் இந்த வருஷம் என்னோடு சேர்ந்து வரிப் படிவம் போடமாட்டாளாம். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனித்தனியாக வேண்டுமாம். முப்பத்தைந்து வருஷமாக ஒரே தாளில் மேலே என் கையெழுத்து, கீழே அவள் கையெழுத்து என்று போட்டு வந்த குடும்பம் இது. தொடங்கி வைத்தவர் நீங்கள். நியாயமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நினைவிருக்கிறதா மச்சான், 1988 டிசம்பர் 31? ஜூன் மாதம் என்று முடிவாகியிருந்த கல்யாணத்தை, "டிசம்பர் முடியறதுக்குள்ள மோதிரத்த மாட்டிடுங்கடா, வருஷம் பூரா கல்யாணம் ஆன கணக்கு, வரி மிச்சம்!" என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் கிளப்பிவிட்டது நீங்கள்தானே? பனிப்புயலில் உங்கள் டிரக் இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி, கடைசியில் நீதிபதியின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினோம். அவர் வீட்டுச் செருப்போடு சமையலறையில் நின்று எங்களைச் சேர்த்துவைத்தார். நீங்கள் இருபத்துநாலு படம் எடுத்தீர்கள், கேமராவில் ஃபிலிம் போடாமல். ஆகவே எங்களுக்குக் கல்யாணப் போட்டோ கிடையாது. அந்த முதல் வருஷத்து வரிப் படிவம்தான் எங்களுக்குப் போட்டோ. அதையும் நீங்களே நிரப்பி, "இங்க போடு, நீ இங்க போடு" என்று கையெழுத்து வாங்கி, வரி அலுவலகத்துக்கு அனுப்பியது போக எங்கள் பிரதியை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தீர்கள். தூண்டில் பெட்டியில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. பிரித்ததில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

அந்த வருஷம் திரும்பி வந்த வரிப்பணத்தில் படகு மோட்டார் வாங்கினோம். படகுக்குக் காசு பத்தவில்லை. இரண்டு வருஷம் அந்த மோட்டார் சமையலறை மூலையில் மரச்சட்டத்தில் நின்றது. மார்லிஸ் அதன்மேல் பாத்திரம் துடைக்கிற துணியைக் காயப்போடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் சூடாக ஆளுக்கொரு கறி அடைத்த பாஸ்டி வைத்துத் தின்றபடி ஏரியில் போவோம். "இடது பக்கம் பாறைங்க, பாத்து ஓட்டுங்க" என்பாள். பிறகு படகு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பெரிய வீடு வந்தது, எல்லாம் வந்தது. அந்த ருசி மட்டும் வரவேயில்லை மச்சான்.

இப்போது வினை அவளுடைய படிப்பால் வந்தது. நாற்பத்தொன்பது வயதில் கடன் வாங்கி நர்ஸ் படிப்புப் படித்தாளே, அந்தக் கடனின் மாதத் தவணையை வருமானம் பார்த்து வைக்கிறார்கள். சேர்ந்து படிவம் போட்டால் சாலைத் துறையில் நான் வாங்குகிற சம்பளத்தையும் கூட்டி, தவணையை ஏற்றிவிடுவார்களாம். அப்புறம் நம்மூர் முதியோர் இல்லத்துச் சம்பளத்தில் அவளால் கட்ட முடியாது. தொண்ணூறு மைல் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலை மாறிப் போக வேண்டும். தனியாகப் போட்டால் வரி கொஞ்சம் கூடும், தவணை பாதிக்கும் கீழே இறங்கும்.

இதைச் சொன்னது யார் தெரியுமா? நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிற பெவர்லி ஸ்ட்ராண்ட். என்னைக் கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலாக்கிய அதே பெவர்லி டீச்சர்!

"வேற வழியே இல்லையா டீச்சர்?"

"லேலண்ட், உனக்கு நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே கூட்டல் வரல. தனியா போட்டவங்க மனசு மாறினா மூணு வருஷத்துக்குள்ள சேந்துக்கலாம். சேந்து போட்டவங்கதான் ஏப்ரல் பதினஞ்சு தாண்டினா பிரிய முடியாது. இதுக்கு மேல என்னப்பா வேணும்?"

எனக்கு வந்த கோபத்தில் விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். கார் பக்கத்தில் நின்று சாவியைத் தேடினால் பையில் இருமல் மிட்டாய். பார்த்தால் நான் போட்டிருப்பது டீச்சருடைய ஊதாக் கோட்டு. திரும்ப உள்ளே போக வேண்டியதாயிற்று. நூலகமே சிரித்தது.

மார்லிஸும் என்னோடுதான் வந்திருந்தாள். வீடு திரும்பும் வழியில், பாலம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, நான் என்ன உங்கள விட்டுட்டா போறேன்? அரசாங்கத்துக்கு ரெண்டு தாளு, அவ்வளவுதான?"

"முப்பத்தஞ்சு வருஷம் மார்லிஸ்!"

"எங்க முதியோர் இல்லத்துல எண்பத்தொம்பது வயசு ஹியால்மர், நான் கொடுத்தாத்தான் மாத்திரை போடுறாரு. அவருகிட்டப் போயி, எங்க வீட்டுக்காரருக்கு என் கையெழுத்து அவரு கையெழுத்துக்குக் கீழயே வேணுமாம், அதனால நான் வேலைய விட்டுப் போறேன்னு சொல்லட்டுமா? நீங்களே வந்து சொல்லுங்க!"

ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. பிடிவாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது மச்சான். அந்தத் தூண்டில் பெட்டியில் வேறென்ன இருக்கிறது எங்களுக்கு? பதினைந்தாம் தேதிக்குள் நீங்கள் போன் போட்டுச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைத்தான் அவள் தட்டமாட்டாள்.

உங்கள் முழங்கால் மடங்கவும், உங்கள் கோல்ஃப் பந்து குளத்தில் விழாமலிருக்கவும் ஆண்டவர் அருள்வாராக. லோயிஸ் அக்காவுக்கு என் அன்பு.

ஒரே தாளில் இருக்க விரும்பும்,
லேலண்ட்

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். சாட்சிக்கு அனுப்பலாமே என்று அந்த முதல் உறையைப் பிரித்தேன். உள்ளே இரண்டு படிவம். ஒன்றில் என் கையெழுத்து மட்டும், மற்றதில் அவள் கையெழுத்து மட்டும். இரண்டிலும் 'தனித்தனியாக' என்கிற கட்டத்தில் உங்கள் திருக்கையால் குறி! அடப்பாவி மச்சான், இதற்கா எங்களைப் புயலில் இழுத்துக்கொண்டு போனீர்கள்? தனித்தனியாகப் போட்டதால் திரும்பி வந்த பணம் குறைந்து, படகுக்குக் காசு பத்தாமல் போன காரணம் இப்போதல்லவா விளங்குகிறது! நன்றாகத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். மார்லிஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல், "அப்பவே படகு வந்திருந்தா நீங்க ஏரிக்குப் போயிருப்பீங்க. படகு வந்தப்புறம் எந்த ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தீங்க?" என்று கேட்டாள். என் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொட்டகையிலிருந்து பழைய மோட்டாரைத் தூக்கி வந்து சமையலறை மூலையில் வைத்திருக்கிறேன். அவள் அதன்மேல் துணி காயப்போட்டிருக்கிறாள்.