ரத்த வங்கியின் பாஸ்வேர்டு

'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று கணினி நான்காவது முறையாகச் சொன்னபோது, ரத்த வங்கிப் பதிவாளர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கணினி அதற்கெல்லாம் மசியவில்லை.

மேசைத் தொலைபேசி அடித்தது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

"ரத்தம் கேட்டிருந்தோமே சார், என்னாச்சு?"

"அந்த வகை ஒரு பைகூட இல்லம்மா. ஊருக்கே ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் இருக்கும். லிஸ்ட்ல பாத்து வரச்சொல்லிடறேன்."

"எப்ப பாப்பீங்க?"

"தோ, தொறந்துட்டே இருக்கேன்."

கொடையாளர் பட்டியல் முழுக்க அந்த ஒரு கணினிக்குள்தான் இருந்தது. அமைத்துக் கொடுத்தவன் அவருடைய மச்சினன். கெட்டிக்காரன் என்று பெரிய டாக்டரிடம் சிபாரிசு செய்ததும் இவரேதான். அவனுக்குக் கைபேசியில் போன் போட்டார்.

"பாதுகாப்பா இருக்கட்டும்னு நேத்து டேட்டாபேஸுக்குப் புது பாஸ்வேர்டு வெச்சேன் அத்தான். அதைத் தொறக்கிற ப்ரோக்ராம்ல மாத்த மறந்துட்டேன். அது பழசையே சொல்லிட்டு நிக்குது."

"பூட்டை மாத்திட்டு, சாவியைப் பையில போட்டுட்டுப் போயிட்டே."

"அப்படியும் சொல்லலாம். செட்டிங் ஃபைலைத் தொறந்து, நான் சொல்றதை அப்படியே அடிங்க."

அடித்தார். திரை வெள்ளையாகிவிட்டது. அனுமதி இல்லை என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

"ஏதாவது புள்ளியை, கோட்டை அழிச்சுட்டீங்களா?"

"ஒரு கொட்டேஷன் மார்க் கூடுதலா இருக்கேன்னு எடுத்தேன்."

"அதைத் திரும்ப வைங்க."

வைத்தார். 'அனுமதி இல்லை' திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

"சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விடுங்க."

நின்றது. திரும்ப ஓடவில்லை.

நர்ஸ் கூப்பிட்டாள். "பிரஷர் எறங்குது சார்."

"அஞ்சே நிமிஷம்."

"கம்ப்யூட்டரையே அணைச்சுப் போடுங்க அத்தான்" என்றான் மச்சினன்.

அணைத்துப் போட்டார். 'புதுப்பித்தல் நடக்கிறது, தயவுசெய்து அணைக்க வேண்டாம்' என்று வந்தது. பதினொரு சதவீதம். பன்னிரண்டு. அவர் திரையின் முன் கைகட்டி நின்றார். முப்பதைத் தாண்டியபோது நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை 'சார்' இல்லை.

"ஆள் வராங்களா இல்லையா?"

"வந்துட்டே இருக்காங்க" என்று இன்னும் யாரென்றே தெரியாத ஆளுக்காகப் பொய் சொன்னார்.

நாற்பது நிமிடம் கழித்துக் கணினி விழித்தது. அவர் சொடுக்கினார். பட்டியல் திறந்தது.

அந்த வகைக்கு ஒரே ஒரு வரி. கொடையாளர் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது என்பது விதி. அதனால் பதிவு எண்ணும் கைபேசி எண்ணும் மட்டும். பதினான்கு முறை ரத்தம் கொடுத்தவர். கூப்பிட்டு ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. முகம் தெரியாத அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது பதிவாளருக்கு.

எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தது ஒரு பெண்.

"ரத்த வங்கியிலேர்ந்து பேசறேம்மா. இந்த நம்பர்ல ரத்தம் கொடுக்கறவர்கிட்ட அவசரமா..."

"நான் அவர் சம்சாரம் சார், தியேட்டர் வாசல்லதான் நிக்கறேன். உள்ள கொண்டுபோய் ரெண்டு மணி நேரமாச்சு, அவருக்கு ரத்தம் கெடச்சுடுச்சா?"