மோதிர விரலுக்குக் கீழே ஒரு மூலை

மனைவி வேலையை விடும்படி செய்துவிடுவது என்று கத்திக்காரர் முடிவு செய்தார். ஆனால் விடச் சொன்னவர் என்ற பேர் தனக்கு வரக் கூடாது. அவளே வந்து, "எனக்கு இந்த வேலை வேண்டாங்க" என்று சொல்ல வேண்டும். இவர் பெரிய மனசு பண்ணி, "சரி, உன் இஷ்டம்" என்று சொல்ல வேண்டும். திட்டம் இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

மனுஷன் கெட்டவர் இல்லை. தனிமைதான் அவரை இப்படி யோசிக்க வைத்தது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மகன் வேலை கிடைத்துப் போய்விட்டான். இவள் ஒருத்திதான் மிச்சம் என்று இருந்தபோது, இவளும் ஆஸ்பத்திரி கேன்டீனில் சேர்ந்துவிட்டாள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை வீட்டில் அவரும் சொட்டுகிற குழாயும்தான். மத்தியானம் மூடி வைத்த சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியைப் பார்த்தபடியே சாப்பிடுவார். ஒருநாள் குழாயைப் பார்த்து, "கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியா" என்று கேட்டேவிட்டார். அது மறுபடி சொட்டியது. பரவாயில்லை, இதாவது பதில் சொல்கிறதே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயந்துபோனார்.

சரி, அவள் வீட்டில் இருந்த காலத்தில் மட்டும் ஐயா என்ன கொஞ்சிக் குலாவினாரா? வீட்டை ஒட்டித்தான் அவருடைய கத்திப் பட்டறை. காலையில் நுழைந்தால் உலைக்கும் சுத்தியலுக்கும் நடுவில்தான் இருப்பார். சாப்பிடும்போது "உப்பு" என்பார். மற்ற நேரத்தில் அதுவும் கிடையாது. ஆனால் அடுத்த அறையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது இருந்தவரைக்கும் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

வழி தானாக வந்து வாசலில் நின்றது. ஒரு சாயங்காலம், வேலைக்குச் சேர்ந்தபோது காய் நறுக்க அவர் கொடுத்தனுப்பிய கத்தியை அவள் நீட்டினாள்.

"ஏங்க, இந்தப் பிடி கைய உறுத்துது. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

கத்திக்காரரின் கத்திக்கு ஊரில் நல்ல பேர். மடக்குக் கத்தியெல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். இரும்பைக் காய்ச்சி, அடித்து, பிடிக்குள் போகிற வால் வரைக்கும் ஒரே துண்டாக இழுத்தால்தான் அவர் கணக்கில் அது கத்தி. அலகில் உயிரை விடுவார். பிடி என்று வந்தால் மட்டும் இரண்டு கட்டையை வைத்து ஆணி இறுக்கித் தள்ளிவிடுவார். சுகமான பிடி செய்யத் தெரியாமல் இல்லை. பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது பொறுமை வந்துவிட்டது. கை வலித்தால் எத்தனை நாள்தான் நறுக்குவாள்?

"எங்க உறுத்துது?"

"இங்க, சுண்டு விரல் பக்கம்."

"பிடிச்சுக் காட்டு. இன்னும் இறுக்கி."

அரத்தை எடுத்துச் சுண்டு விரல் பக்கத்தை அழகாக உருட்டினார். மோதிர விரல் படுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மூலையை விட்டுவைத்தார்.

மறுநாள் சாயங்காலம் கத்தி திரும்பி வந்தது.

"சுண்டு விரல் தேவலைங்க. இப்ப மோதிர விரல்."

"அப்படியா? ஆச்சரியமா இருக்கே."

கட்டையை மாற்றித் தடியாகப் போட்டார். "உலக்கை மாதிரி இருக்கு" என்றாள். இழைத்து மெலிதாக்கினார். "இப்ப என் நகமே உள்ளங்கைல குத்துது" என்றாள்.

"உன் கை ஒரு மாதிரிக் கை."

"இத்தனை வருஷமா இதே கைதாங்க."

கடைசியில் மோதிர விரல் மூலையையே மறுபடி கொண்டுவந்தார். அவருக்குப் பிடித்த மூலை அது.

இதற்குள் அவள் பட்டறைக்குள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். பிடியில் ஆரம்பிக்கிற பேச்சு கேன்டீன் சண்டைக்குப் போகும், மகள் போனில் சொன்னதற்குப் போகும், எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பிடிக்கு வரும். அவள் வேலையை விடுவாள் என்று காத்திருந்த மனுஷன், கேட் சத்தத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். திட்டத்தில் இது இல்லவே இல்லை.

ஒருநாள் அவள் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். கத்தியை வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். முக்காலி காலியாகக் கிடந்தது.

போய் ஒரு வார்த்தை கேட்கலாம். எழுந்து கதவு வரை போனார். வாய் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வந்த வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒரு கத்தி அடித்தார். உள்ளங்கைக் குழி நிறைகிற மாதிரி பிடியின் நடுவில் கொஞ்சம் வயிறு வைத்தார். கட்டை விரல் உட்கார ஒரு சரிவு. ஈரக் கையிலும் நழுவாமல் இருக்க, கடைக்கோடியில் ஒரு சின்ன வளைவு. ரொம்பப் பளபளப்பாக்கவில்லை, வழுக்கும். அவள் கையின் அளவு அவருக்கு இப்போது மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். எங்கேயும் ஒரு மூலை இல்லை.

சாயங்காலம் நீட்டினார். அவள் கட்டுத் துணியை அவிழ்த்துவிட்டு வாங்கினாள். உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"கை..."

"கைக்கு ஒண்ணுமில்ல. கேப்பீங்களான்னு பாத்தேன். நீங்க கேக்கறதுக்குப் பதிலா கத்தியே அடிச்சுட்டீங்க."

அப்போதுதான் அவர் பழைய கத்தியின் அலகைப் பார்த்தார். வெங்காயமும் எலுமிச்சையும் பட்டால் அந்த இரும்பு ஒரே நாளில் கறுத்துப்போகும். இது பளிச்சென்று இருந்தது. அவர் தடவிய எண்ணெய்கூட அப்படியே இருந்தது. பிடியைக் கெடுக்கிற மும்முரத்தில் அலகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஊரில் இவ்வளவு நல்ல பேர் எடுத்த கத்திக்காரர்.

"நீ இதுல எதையுமே நறுக்கல."

"அங்க நறுக்க மெஷின் இருக்குங்க. நான் டோக்கன் குடுக்கறேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க எப்ப கேட்டீங்க?"

"அப்ப எதுக்கு தினமும் உறுத்துதுன்னு வந்த?"

"கத்தியக் காட்டினாத்தான் நீங்க பேசறீங்க."

அவர் தலை குனிந்துவிட்டது. இந்தக் குழாயோடு அவள் எத்தனை வருஷம் தனியாக இருந்திருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. அதுவும் இவர் அடுத்த அறையில் இருக்கும்போதே.

"மூலை வச்சதும் தெரியும், எதுக்கு வச்சீங்கன்னும் தெரியும். வேலைய நான் விடப்போறதில்ல" என்றாள். புதுக் கத்தியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, பழையதை அவர் கையில் வைத்தாள். "இது எனக்கு. அது உங்களுக்கு. இனிமே சாயங்காலம் சமையல் ரெண்டு பேரும் சேர்ந்து. பேசிக்கிட்டே நறுக்கலாம், வாங்க."

வெங்காயம் பாதி ஆவதற்குள் அவருடைய மோதிர விரலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பிவிட்டது.

"பிடி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ரொம்ப சுகமா இருக்கு" என்றார் கத்திக்காரர். கண்ணில் வருவது வெங்காயத்தால்தான் என்பதையும், அவள் கேட்காமலே, சொன்னார்.