சமையலறை வால்வை மூடியவள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நம் பேத்தியை, நாலு வயதுக் குழந்தையை, "இதுக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னீர்கள். அது தவறு. வீட்டில் எல்லோரும் நலம்தானே? நான் நலமில்லை, காரணம் மேலே உள்ளது.

நீங்கள் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிளம்பர் வேலையை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஒழுகிய குழாய்களே கற்றுத் தந்தன. உங்கள் மகனும் என் மகளும் வேலைக்குப் போனபின் குழந்தை பகலெல்லாம் என்னோடுதான். மிச்சம் கிடந்த பைப் துண்டுகளை அவள் முன்னால் கொட்டினேன். விளையாட்டை உண்டாக்கியது அவள். அட்டைப்பெட்டியில் பொம்மை வீடு கட்டி, அறைக்கு ஒரு குழாய் விட்டு, சமையலறைக்குச் சிவப்பு ரிப்பன், குளியலறைக்கு நீல ரிப்பன் என்று அடையாளம் வைத்தாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிஜ வால்வுகளுக்கும் அதேபோல் கட்டிவிட்டாள். எந்த வாளிக்கு எத்தனை குவளை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

அவளிடம் பலகையை நீட்டி, "அ எழுது" என்றீர்கள். அவள் குழாயை மூலையில் திருப்பும் எல்போவை வரைந்தாள். அப்பழுக்கில்லாத எல்போ. நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு, "அடுத்த மாசமே டியூஷன்ல போடுங்க, இல்லாட்டி இது தேறாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, குழாயைக் கழுத்தைத் திருகுவதுபோல் திருகி மூடிவிட்டுக் குளிக்கப் போனீர்கள். நீங்கள் திருகிய குழாய் பிய்த்துக்கொண்டு கூரைவரை பீச்சியது, என் மகள் துண்டை வைத்து அமுக்கினாள், உங்கள் மகன் போனில் பக்கத்தில் நல்ல பிளம்பர் யார் என்று தேடினார், அதுவும் என் கண்ணெதிரே, நான் ஸ்பேனரைத் தேடி வழுக்கி உட்கார்ந்தேன், அப்போது தண்ணீர் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் குழந்தை சிவப்பு ரிப்பன் வால்வை மூடிவிட்டு நிற்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று நீலத்தையும் மூடியிருக்கிறாள்.

குளியலறையிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"யாரது தண்ணிய நிறுத்தினது? கண்ணு எரியுது!"

"தாத்தா, எத்தனை குவளை வேணும்?"

"ஏதோ கொஞ்சம் குடும்மா!"

"எத்தனைன்னு சொன்னாத்தான் தருவேன்."

"பத்து! பத்து!"

வெளியே இருந்த வாளியிலிருந்து மொண்டு, ஒவ்வொன்றாய்ச் சத்தமாக எண்ணிப் பத்தும் கொண்டுவந்தாள். எட்டுதான் வந்தது என்று பிறகு வாதாடினீர்கள். கண்ணில் சோப்போடு எண்ணியவர் நீங்கள். பெருமையில் எனக்கு மூன்று நாளாய்ச் சட்டைப் பொத்தான் எட்டவில்லை.

ஆகவே, அதே கூடத்தில் நின்று நீங்கள் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும். உங்கள் மகன் டியூஷன் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். குழாயை உடைத்ததற்கு நீங்கள் என்னிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதத்தான் உங்களுக்குத் தெரியுமே.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கண்ணெரிச்சல் தீர்ந்து நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தண்ணீரை நிறுத்தியவளின் இன்னொரு தாத்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவள் பொம்மை வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் சமையலறைக் குழாயில் கறுப்பாய் ஒரு ரப்பர் வாஷர். "இது ஏது கண்ணு?" என்றேன். "நீங்கதான நம்ம குழாய்லேருந்து கழட்டித் தந்தீங்க? மத்தியானம் புதுசு போட்டுக்கறேன்னு சொன்னீங்களே" என்றாள். சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில். போட மறந்தவன் நான். வாஷர் இல்லாத குழாய் எவ்வளவு மூடினாலும் ஒழுகும், அதை இறுக்கித் திருகாமல் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? எனவே மேலே சிறு திருத்தம். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்டாயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள். டியூஷன் வேண்டாமென்று உங்கள் மகன் சொல்ல வேண்டும், அதில் மாற்றமில்லை. "சோப்புத் தாத்தா எப்ப வருவார், இன்னொரு தரம் எண்ணிக் காட்டணும்" என்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துண்டோடு வர வேண்டும். குவளைகளை அவள் எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை நாம் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது.