உருக்குமாறனுக்குப் பொட்டு வைத்த கதை

வைகாசி மாதம் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். மழை இல்லை, மூட்டம். காற்று என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கறம்பக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில், எழுபத்தொரு வயதான நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பொம்மையின் இடுப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கூட்டுறவுத் தணிக்கையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். எதையும் எண்ணாமல், சரிபார்க்காமல் விட முடியாது. அப்படி ஓர் ஆள் வீட்டில் இருப்பது கொசு இருப்பது போல. கடி குறைவு, சத்தம் அதிகம். (இது என் மனைவியின் கணிப்பு. ஆட்சேபம் தெரிவிக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.)

அன்று என் பேரன் பாரிக்குக் காதுகுத்து. மகள் வயிற்றுப் பேரன், ஐந்து வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனாகிய என் மகன் செந்திலுக்கோ துபாயில் லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக என் மடி என்று முடிவாயிற்று. பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பாரி ஒப்புக்கொள்ளவில்லை. "தாத்தா முட்டி எலும்பு குத்தும்" என்றான்.

செந்தில் போனிலேயே பேரம் பேசினான். பாரிக்கு ஒரு காமிக்ஸ் புத்தகம் என்றால் உயிர். அதில் உருக்குமாறன் என்று ஒரு வீரன். ஆபத்து என்றால் கிரேன் லாரியாக மாறிவிடுவான். (முப்பத்திரண்டு பக்கம். நான் நாற்பத்தாறு முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவன் மேல் எனக்கு எந்த மரியாதையும் மிஞ்சவில்லை.) அந்த வீரன் பொம்மையாகவும் கடைக்கு வந்துவிட்டதைச் செந்தில் கண்டுபிடித்திருந்தான்.

"மருமகனே, ஒனக்கு உருக்குமாறனை அனுப்புறேன். சீர்த்தட்டுல லாரியா வருவான். நீ மடியில உக்காந்ததும் ஒன் கண்ணு முன்னாடி ஆளா மாறி நிப்பான். அவன் பாத்துக்கிட்டு இருக்கறப்ப நீ அழுகக் கூடாது. சரியா?"

"ஆளா மாறணும். மாறலேன்னா குத்த விடமாட்டேன்."

"மாறுவான்டா!"

மாற்றப்போவது யார் என்பதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அது என் தலையில் விழுந்தது.

அதற்காகத்தான் அந்த அதிகாலைப் பரிசோதனை. பெட்டிக்குள் ஆள் உருவில் இருந்தான். கூடவே ஒரு தாள். இருபத்து மூன்று படம், நாற்பத்தொரு அம்புக்குறி, எழுத்து ஒன்றுகூட இல்லை. ஒரு வார்த்தையும் இல்லாத ஆவணத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. உயரம் ஒரு சாணும் நாலு விரல்கடையும். சக்கரம் ஆறு. மூட்டுகள் பதினெட்டு, எல்லாம் முனகாமல் மடங்கின. (அந்த வகையில் என்னைவிட மேல்.)

லாரியாக்க ஒரு மணி ஐந்து நிமிடம் ஆயிற்று. திரும்ப ஆளாக்கப் பன்னிரண்டு நிமிடம். மறுபடி லாரியாக்க ஒன்பது. 'குறை ஒன்றுமில்லை, ஏற்கலாம்' என்று தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அத்தோடு நான் எழுந்து போய்க் காப்பி குடித்திருக்கலாம்.

என் மச்சினன் மாணிக்கம் எட்டிப் பார்த்தான். "மச்சான், லாரி ரெடியா? அங்கிட்டு தட்டெல்லாம் கெளம்பிருச்சு, வாங்க."

சீர்த்தட்டு இருபத்தொன்று. இருபத்தோராவது தட்டில் லாரியை வைத்துப் பார்த்தேன். மூளியாக இருந்தது.

"புது வண்டிய்யா. பொட்டு வைக்காம தெருவுல எறக்கலாமா?" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். (மாணிக்கம் சொன்னதாகப் பிற்பாடு மூன்று முறை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

பன்னீரில் குழைத்த சந்தனம் கிண்ணம் நிறைய இருந்தது. ஆறு சக்கரத்துக்கும் வைத்தேன். முன் கண்ணாடிக்கு மூன்று பட்டை. கிரேனுக்கு ஒன்று. இரண்டு பக்கக் கதவுக்கும் தாராளமாக. அதன் மேல் குங்குமம். எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததால் பக்கத்தில் வைத்தோம். வரிசை மேளத்தோடு தெருவைச் சுற்றி வர நாற்பது நிமிடம். அதற்குள் சந்தனம் சிமெண்டாகிவிட்டது. அந்தக் கதவுகள்தாம் ஆளுக்குத் தோள்கள் என்பது இருபத்து மூன்று படங்களையும் பார்த்த எனக்குத் தோன்றவே இல்லை.

நல்ல நேரம் ஏழரை முதல் எட்டரை. எட்டு மணிக்குப் பாரியை என் மடியில் உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையிலும் அதே சந்தனம். மாணிக்கம் போனைத் தூக்கிப் பிடித்தான். அதற்குள் செந்தில் முகம். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். மண்டபத்தில் இருநூற்றுப் பத்துப் பேர். (எண்ணியது நாற்காலிகளை.)

"மாத்து தாத்தா" என்றான் பாரி.

கால் வந்தது. இன்னொரு காலும் வந்தது. தோள் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. இழுத்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். உருக்குமாறனின் வலது கை பறந்து போய் ஆசாரியின் வெற்றிலைத் தட்டில் விழுந்தது. அதே வேகத்தில் அவன் தலை கிளம்பி வந்தது, முதுகைப் பார்த்தபடி. பெட்டியில் வந்தது ஒன்று. இப்போது என் கையில் இருந்தது முக்கால்.

பாரி அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். என் ஒன்றரை மணி நேர மதிப்பீட்டை அவன் அரை நிமிடத்தில் முடித்தான்.

"தாத்தா, செத்துட்டானா?"

"இல்லய்யா. லேசா அடி."

அவன் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். மிட்டாய் காட்டினார்கள். யானை காட்டுகிறேன் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "தாய்மாமன் வராத கொறைதான்" என்று யாருக்கும் கேட்காத மாதிரி எல்லோருக்கும் சொன்னாள். போனுக்குள் செந்தில் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மணி எட்டு பன்னிரண்டு.

"எதையாச்சும் சும்மா விடுவீங்களாப்பா நீங்க?" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாரி, தாத்தா மேலதான்யா தப்பு. மாமா மேல இல்ல. என்ன செஞ்சா குத்திக்குவ?" என்று கேட்டேன்.

அவன் உடைந்த கையைப் பார்த்தான். பிறகு என் காதைப் பார்த்தான்.

"உருக்குமாறனுக்கு வலிச்சுச்சுல்ல? மொதல்ல தாத்தாவுக்குக் குத்துங்க."

சிரிப்பை மாணிக்கம்தான் தொடங்கினான். "ஆடிட்டரையே ஆடிட் பண்ணிட்டான்யா! மச்சான், தாய்மாமன் மடிக்கு எங்க போவீங்க? வேணும்னா என் மடியில வந்து உக்காருங்க."

எனக்கும் சின்ன வயதில் குத்தியதுதான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கிண்டல் செய்தார்கள் என்று கடுக்கனைக் கழற்றி எறிந்து, ஓட்டை தூர்ந்து அறுபது வருஷம். ஆசாரி என் மடலை இரண்டு விரலால் நீவிப் பார்த்தார்.

"பழைய எடம் தெரியுதுங்கய்யா. லேசா எறங்கிரும்."

லேசாக இறங்கவில்லை. நான் கத்தவும் இல்லை. 'அம்மா' என்றேன், ஒரு முறை. (மாணிக்கம் நாலு முறை என்கிறான். வீடியோவில் மூன்று.) மடியில் இருந்த பாரி கழுத்தைத் திருப்பி என் முகத்தை வேடிக்கை பார்த்தான். எட்டு இருபத்தாறுக்கு, சொன்ன வாக்குப்படி, பொத்திய கையை எடுத்தான். ஒரே ஒரு முறை அழுதான். போனுக்குள்ளிருந்து செந்தில் சிரித்த சிரிப்பு மேளத்தைத் தாண்டிக் கேட்டது. வராத குறை பேசிய பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

உருக்குமாறன் இப்போது அறந்தாங்கியில் எங்கள் டிவி மேஜையில் பாதி ஆள், பாதி லாரியாக நிற்கிறான். தோளில் சந்தனம் இன்னும் இருக்கிறது. கடுக்கனைக் கழற்றிவிடலாம் என்றால் பாரி விடுவதில்லை. "நீ கழட்டுனா நானும் கழட்டுவேன்" என்கிறான். ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிட்டு, "தாத்தா, காதக் காட்டு" என்று இடது, வலது இரண்டையும் எண்ணிய பிறகுதான் மற்ற பேச்சு. (இந்த எண்ணும் புத்தி பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று மகள் என்னையே கேட்கிறாள்.)

வீட்டுக்கு ஒரு மிக்ஸியோ போனோ புதிதாக வந்து, நான் பெட்டிப் பக்கம் கையை நீட்டினால் போதும். இருக்கிற அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தங்கள் காது மடலைத் தொட்டுக் காட்டுகிறார்கள். நான் கையை இழுத்துக்கொள்கிறேன்.

பொம்மை செந்தில் செலவு. சந்தனம் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. கடுக்கன் ஒரு ஜோடி, காதுக்குக் களிம்பு, உருக்குமாறனின் கைக்குப் பசை, ஆக என் செலவு இருபத்தோராயிரத்து நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.