யோசிச்சுட்டு வாங்க சார்

குழாய் வேலைப் படிப்பில் சேர வந்திருப்பதாகச் சொன்ன மனிதருக்கு, அந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வயது இருக்கும். தலை முழுக்க நரை, மூக்குக் கண்ணாடி, தேய்த்து மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, அதன் பையில் இரண்டு பேனா. குழாயைத் திறந்து கை கழுவியதைத் தவிர அதனோடு அவருக்கு வேறு சகவாசம் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

“அரசாங்கக் கடன்ல படிக்கலாம்னு சொன்னாங்க. கடன் பிரிவு நீங்கதானாமே தம்பி?”

நம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தான். வந்துவிட்டார் ஆள்.

அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கடன் பிரிவு என்பது ஒரு மேஜை, ஒரு கணினி, அதற்குப் பின்னால் நம்மாள். அவ்வளவுதான். படிக்கிற பிள்ளைகள் அவனைக் ‘கடன் அண்ணன்’ என்று கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயதில் கல்யாணத்துக்கு நிற்கிறவனுக்கு இப்படியொரு பட்டப்பெயர் நல்லதல்ல என்று அவனுடைய அக்கா பல தடவை சொல்லிவிட்டாள்.

வேலை சிக்கலானதல்ல. மாணவனின் கட்டணத்தை அரசாங்கத்தின் கடன் வாரியம் நேராக நிலையத்துக்குக் கட்டிவிடும். மாணவன் பிறகு சம்பாதித்து வாரியத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இடையில் நிலையங்கள் தில்லுமுல்லு செய்யாமல் இருக்க வாரியம் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தது. ஆசை காட்டி ஆள் பிடிக்கக் கூடாது. சேர்ந்த அன்றைக்கே கடன் கையெழுத்து வாங்கக் கூடாது, இரண்டு நாள் யோசிக்க விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியுமா என்று பார்க்க ஒரு சின்னத் தேர்வு உண்டு. அதில் ஈ, காக்கை உதவக் கூடாது.

அன்று காலையில்தான் நிர்வாகி அவனைக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். வாரியத்து ஆய்வாளர்கள் இப்போதெல்லாம் படிக்க வருகிறவர்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார்களாம். பக்கத்துத் தெருவில் ஒரு நிலையத்துக்கு அப்படித்தான் பூட்டுத் தொங்குகிறதாம்.

“சின்னதா ஒரு தப்பு கண்டுபிடிச்சாலும் ஒப்புதலை ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் கடனும் கிடையாது, கடன் பிரிவும் கிடையாது” என்று சொல்லி, கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு சமயமாக இருந்தால் நம்மாள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டான். இந்த மேஜை போனால் இன்னொரு மேஜை. ஆனால் இப்போது நடுவில் ஒரு பெண் வந்துவிட்டாள். அக்கா பார்த்த இடம். ஒரு தடவை போனில் பேசியிருக்கிறான். ‘கடன் அண்ணன்’ கதையைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக இல்லை என்று அவன் மனசுக்குள் முடிவு செய்தாகிவிட்டது. இதைப் பெண்ணின் அப்பாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தனியார் வேலை, என்றைக்கு மூடுவார்களோ என்று அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். ஆகவே கல்யாணம் இந்த வேலையை நம்பி இருந்தது. வேலை இப்போது எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

நம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆசை காட்டக் கூடாது, அவ்வளவுதானே? காட்டாவிட்டால் போயிற்று.

“சார், முதல்ல இது இனாம் இல்ல. கடன். கட்டாயம் திருப்பிக் கட்டணும். நல்லா யோசிச்சுட்டு வாங்க.”

“யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

“இன்னும் யோசிங்க சார்.”

பெரியவர் புன்னகை செய்தார். படிப்பு எப்படி என்று கேட்டார். நம்மாள் அவரைப் பயிற்சிக் கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனான். சுவர் நெடுகப் பளபளவென்று குழாய்கள் வரிசையாக இருந்தன. எதிலும் தண்ணீர் வராது என்பதை அவனே ஒவ்வொன்றாகத் திருகிக் காட்டினான். பயிற்றுநர் எங்கே என்று கேட்டதற்கு, வெளியே ஒரு வீட்டில் குழாய் ரிப்பேருக்குப் போயிருக்கிறார், அதில்தான் அவருக்கு வருமானம், மத்தியானத்துக்கு மேல் வந்தாலும் வருவார் என்று மறைக்காமல் சொன்னான்.

“படிச்சா வேலை கிடைக்குமா?”

“கிடைச்சவங்களும் இருக்காங்க. போன தடவை படிச்ச ஒருத்தர் இப்ப துணிக்கடையில நிக்கிறாரு.”

இதற்குள் ஓடிப்போயிருக்க வேண்டிய மனிதர், இன்னும் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். பேனாவை எடுத்து ஒரு துண்டுத்தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

“இவ்வளவு வெளிப்படையாப் பேசற ஆளை நான் பார்த்ததே இல்ல தம்பி. நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க? சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?”

பாராட்டினால் நம்மாளுக்குக் கால் தரையில் நிற்காது. சம்பளம் ஒரே மாதிரி வராது, பாதி முதல் தேதி, மீதி நிர்வாகிக்கு ஞாபகம் வரும்போது என்றான். கட்டடத்தைக் காலி பண்ணச் சொல்லி உரிமையாளர் கழுத்தைப் பிடிக்கிறார் என்றான். தன் வேலையே இங்கே எத்தனை நாளைக்கோ என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, திருப்தியாகக் குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் வந்தது. நம்மாள் வராந்தாவுக்குப் போய் எடுத்தான்.

“டேய், பொண்ணோட அப்பா உன்னைப் பத்தி விசாரிக்கக் காலையிலேயே கிளம்பிட்டாராம். உன் ஆபீசுக்குத்தான். தான் யாருன்னு சொல்லிக்க மாட்டாராம், சும்மா பேச்சுக் குடுத்துப் பாப்பாராம்.”

“ஆள் எப்படி இருப்பாரு?”

“வயசானவரு, கண்ணாடி போட்டிருப்பாரு. ஏன், யாராவது வந்திருக்காங்களா?”

நம்மாள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். வயசானவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எத்தனை வருஷமா இருக்கீங்க, சம்பளம் ஒழுங்கா வருதா. அட மடையா, ஆய்வாளர் எதற்கு உன் சம்பளத்தைக் கேட்கிறார்? கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் தகப்பனாரிடம், வேலை எந்த நிமிஷமும் போய்விடும் என்று வாயாலேயே சொல்லி வைத்திருக்கிறான். அந்தச் சிரிப்பு காதிலிருந்து எங்கோ தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகையே வரும் போல இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“சார், இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் சும்மா.”

“சும்மாவா?”

“உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கான்னு சோதிச்சுப் பார்த்தேன். இந்த நிலையம் மாதிரி வேற எங்கயும் கிடையாது.”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப குழாய்ல தண்ணி வருமா?”

“கொட்டும் சார்.”

“வேலை?”

“அதுக்கு நான் பொறுப்பு. இங்க படிச்சு வேலை கிடைக்காதவங்க யாருமே இல்ல.”

“சரி, கடனைத் திருப்பிக் கட்டணும்னீங்களே?”

கடனைக் கண்டு மிரளுகிறவன் என்று மாமனார் தன்னை நினைத்துவிடக் கூடாது. நம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். “அதெல்லாம் யாரு சார் கட்டறா? கட்டலைன்னா வீட்டுக்கா வந்துடப் போறாங்க?”

பெரியவர் புதுத் தாள் ஒன்று எடுத்தார். இங்கே முடிவெல்லாம் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார். கண்ணாடி அறையைக் கட்டைவிரலால் காட்டி, அவர் சும்மா பொம்மை, எல்லாம் என் கைதான் என்றான் நம்மாள். சொந்தக்காரர்கள் யாராவது இங்கே படிக்கிறார்களா என்று கேட்டார். இனிமேல் நீங்கள் இருக்கிறீர்களே என்று சொல்லத் துடித்த நாக்கைக் கடித்து அடக்கினான்.

“அப்ப ரெண்டு நாள் கழிச்சு வந்து கையெழுத்துப் போடட்டுமா?” என்று பெரியவர் எழுந்தார்.

வயசான மனிதரை இரண்டு தடவை மாடியேற விடுவதா? நம்மாள் அவரைப் பிடித்து உட்கார வைத்தான். சேர்ந்த தேதியை முந்தாநாளாகப் போட்டு, இன்றைக்கே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினான். தேர்வுத் தாளைக் கொடுத்தபோது பெரியவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அவ்வளவுதான், தாளை வாங்கி எல்லா விடைகளையும் தானே எழுதினான். முழு மதிப்பெண் போட்டால் நம்ப மாட்டார்கள் என்று ஒன்றை மட்டும் தப்பாக எழுதும் சாமர்த்தியத்தை வாய்விட்டு விளக்கவும் செய்தான். படிப்பு முடித்தவர்களுக்குத் தருகிற ஸ்பானர் செட்டை அலமாரியிலிருந்து எடுத்து, துணிப்பையில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தான்.

“எனக்கு மட்டும்தானா, எல்லாருக்கும் இப்படித்தானா?”

தனக்கு மட்டும் என்றால் காக்காய் பிடிப்பதாகத் தெரிந்துவிடுமே. “வர்ற எல்லாரையும் என் குடும்பமா நெனச்சு இப்படித்தான் செய்வேன் சார். இன்னைக்கு நேத்து இல்ல, சேர்ந்த நாள்லேருந்து.”

பெரியவர் பெருமூச்சு விட்டார். அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது போல நம்மாளுக்குப் பட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பனுக்கு இருக்காதா என்று அவனுக்கும் மனசு நெகிழ்ந்தது.

“உங்க முழுப் பேரை இதுல எழுதிக் குடுங்க தம்பி. எழுத்து மாறிடக் கூடாது.”

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வரைக்கும் போய்விட்டார் மனிதர். நம்மாள் பெயரை எழுதி, பக்கத்தில் படித்த பட்டத்தையும் சேர்த்து எழுதினான்.

பெரியவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நிர்வாகியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். உள்ளே பேசியது கேட்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். நிர்வாகி துள்ளி எழுந்து, தன் நாற்காலியையே அவருக்கு நகர்த்திப் போட்டார். பிறகு உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வருங்கால மாமனார் என்றால் இப்படியொரு மரியாதையா என்று நம்மாளுக்குப் பூரிப்பாக இருந்தது. தனக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டது என்ற நினைப்பில் கண் கூடக் கலங்கியது.

போன் அடித்தது. எடுத்ததும் அக்காவைப் பேச விடாமல், எல்லாம் முடிஞ்சிடுச்சு, அவரை அசத்திட்டேன் என்றான்.

“நீ எங்கடா அவரைப் பாத்த? அவருக்கு மாடியேற முடியாதாம். கீழ கடையில விசாரிச்சுட்டு, ‘பையன் தங்கம், இந்த வேலை மட்டும் நிலைச்சா நாளைக்கே கல்யாணம்’னு சொல்லிட்டு அப்பவே வீட்டுக்குத் திரும்பிட்டாரு.”