ஆறு கட்டில், ஒரு கவர்மெண்ட்

"விறகு பொறுக்குறதுக்கு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைப் படிச்சு, துபாய்ல நீ என்னம்மா பண்ணப் போற?"

எங்கள் ஆபீஸ் அக்கவுண்டண்ட் ஒருமுறை இப்படிக் கேட்டார். மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நான் விரித்து வைத்திருந்த காகிதக் கட்டைப் பார்த்து வந்த சந்தேகம். பி.காம். படித்தவள், கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர், இவளுக்கு இது என்ன புரியும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் ஆட்சியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பது முழு உண்மை இல்லை. பர் துபாயில் மீனா பஜாருக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றில், போன வருடம் வரை அவர்கள் ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் மதுரைக்காரர். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் வைத்த பெயர் கவர்மெண்ட் அக்கா.

அந்த ஃபிளாட்டில் நாங்கள் ஆறு பெண்கள். வாடகை ஒப்பந்தம் நாகர்கோவில் ஸ்டெல்லா அக்கா பேரில். அவர் கிளினிக் நர்ஸ். அழகு நிலையத்தில் வேலை பார்த்த மட்டக்களப்பு தர்ஷினி ஒருத்தி. சூப்பர் மார்க்கெட்டில் ஷிஃப்ட் பார்த்த இரண்டு பேர். அவர்களைத் தூங்காமல் பார்த்தவர்கள் குறைவு. அப்புறம் நான். பாபநாசம் மலையடிவாரம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இதை யாரும் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன்.

கவர்மெண்ட் அக்காவுக்குப் பகலில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. மற்ற நேரமெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. துறைமுகம், காடு, சுரங்கம் இந்த மூன்றையும் அந்தக் காலத்து சர்க்கார் என்னென்ன சட்டம் போட்டு ஆண்டது என்று பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் கேட்டு வாங்கிய கால நீட்டிப்புகளுக்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம். கடைசியில் யுனிவர்சிட்டிக்கே அலுத்துப்போய், இதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. இந்தத் தடவை தேறாவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருட உழைப்பும் போச்சு. எதற்கும் அசராத அக்கா, யுனிவர்சிட்டியிலிருந்து மெயில் வந்தால் மட்டும் போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு டீ போடப் போய்விடுவார்.

ஆட்சி அவர் கைக்கு வந்ததற்கு ஸ்டெல்லா அக்காதான் காரணம். சமையலறையில் ஏதோ சண்டை. டபுள் டூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லா அக்கா, யாராவது ஒருத்தர் இந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளக் கூடாதா என்று பொதுவாகப் புலம்பினார். காலனி ஆட்சிகள் எல்லாம் இப்படி ஒரு புலம்பலில்தான் ஆரம்பிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்தோம். தீ விபத்து என்று நினைத்து தர்ஷினி பாஸ்போர்ட்டைத் தேடினாள். ஹாலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் எந்தச் சட்டத்தையும் தண்டோரா போட்டு அறிவித்த பிறகுதான் அமல்படுத்துவார்களாம். அதனால் அவரும் தட்டைத் தட்டி அறிவித்தார். இனிமேல் பாத்ரூம் ஒரு துறைமுகம். வெளியே சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே கப்பல் நிற்கிறது. வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு நேரம் தங்குவோம், என்ன சரக்கு என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டூட்டிக்குப் போகும் நர்ஸ் தபால் கப்பல், அவருக்கு முன்னுரிமை.

அன்றைக்கே தர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அக்கா வழியை மறித்துச் சரக்கு விவரம் கேட்டார்.

"சரக்கு என்னெண்டு நான் சொல்லிப்போட்டா பிறகு நீங்கதான் அக்கா வருத்தப்படுவீங்க" என்றாள் தர்ஷினி.

துறைமுகச் சட்டத்தில் செய்யப்பட்ட முதல் திருத்தம் அதுதான்.

அடுத்து ஃப்ரீசர். எங்கள் ஃப்ரீசரில் பனி கட்டி கட்டியாக உறைந்து, உள்ளே யார் எதை வைத்தார்கள் என்றே தெரியாது. பனிக்கு மேலே இருப்பது உங்களுடையது, பனிக்கு அடியில் புதைந்திருப்பது அரசாங்கத்துடையது என்று அக்கா அறிவித்தார். அவர் படித்த காலனி ஒன்றில் நிலம் யாருடையதாக இருந்தாலும் அடியில் கிடைக்கும் தங்கம் ராணிக்குத்தான் சொந்தமாம். அதன்படி, நான் என் கையால் வாங்கிக் கழுவி வைத்திருந்த வஞ்சிர மீனை என் கையாலேயே பெயர்த்து எடுத்தபோது, அது கனிமம் ஆகிவிட்டது. குழம்பு வைத்த பிறகு நடுத்துண்டு ஒன்றை ராயல்டியாக எடுத்துக்கொண்டார். கேட்டால், சுரங்கம் தோண்ட உனக்கு அனுமதி கொடுத்ததே பெரிய சலுகை என்றார்.

வெளியே கூட்டிக்கொண்டு போவது இதைவிட ஆபத்து. க்ரீக்கைக் கடக்க படகில் ஏறினால், இந்தக் கடலில் ஓடிய மரக்கலங்களை எல்லாம் கொடி கட்டு, பதிவுச் சீட்டு காட்டு என்று கம்பெனிக்காரன் படுத்திய பாட்டைப் படகோட்டியிடம் இந்தியில் விளக்க ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் அவர் பாவம், தன்னுடைய லைசென்ஸைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து எடுத்துக் காட்டினார். அக்கா அதை வாங்கி முழுவதும் படித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். படகோட்டி சலாம் வைத்தார். அன்றைக்கு அக்காவின் நடையில் தனி மிடுக்கு.

இன்னொரு நாள், பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள், அங்கே போனோம். எல்லோரும் கூரையைப் பார்த்தோம். அக்கா கதவைத் தடவிக்கொண்டு நின்றார். இது நம் மலபார்த் தேக்கு, வெட்டிய மரத்தில் சர்க்கார் சுத்தியலால் முத்திரை அடித்திருப்பார்கள், அந்த அடையாளம் எங்கேயாவது இருக்கும் என்று கதவின் கீழ்விளிம்பைப் பார்க்கத் தரையில் படுத்துவிட்டார். செக்யூரிட்டி ஓடி வந்து மேடம் மயங்கிவிட்டாரா என்று கேட்டார். மேடம் டூட்டியில் இருக்கிறார் என்றேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அக்கா பால்கனியில் கை வைத்தார்.

ஆறு பேருக்கும் துணி காயப்போட இருந்த ஒரே இடம் அது. ஒருநாள் தட்டுச் சத்தம் கேட்டது. பால்கனி இனிமேல் ரிசர்வ் ஃபாரஸ்ட். இதுவரை எல்லோரும் போய் வந்தது உரிமை அல்ல, பழக்கம்தான். இனி பாஸ் வாங்க வேண்டும். பாஸ் என்பது அவர் கையில் இருந்த பச்சை கிளிப்புகள். காட்டுக்குக் காவலுக்கு ஒரு ஃபாரஸ்ட் கார்டு வேண்டுமே. மலையடிவாரத்துக்காரி என்ற ஒரே தகுதியில் என்னை நியமித்தார். எங்கள் அம்மா கல்யாணமான நாளிலிருந்து விறகு பொறுக்கப் போய் ஃபாரஸ்ட் கார்டைக் கண்டால் புதருக்குள் ஒளிந்தவர். மகள் துபாயில் கார்டு ஆகிவிட்டாள் என்று போனில் சொன்னேன். என்ன சம்பளம் என்று கேட்டார்.

முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காக பாஸ் வாங்கினார்கள். இரண்டாவது வாரம் தர்ஷினி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, நூல் போட்டுப் புருவம் திருத்திவிட்டாள். என் புருவம் அவ்வளவு அழகாக இருந்த காலம் வேறு கிடையாது. அவள் துணியும் அவ்வளவு நன்றாகக் காய்ந்ததில்லை. சூப்பர் மார்க்கெட் பெண்கள் இருவரும் நான் ஆபீஸ் போகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கள்ளத்தனமாகக் காயப்போட்டார்கள். ஸ்டெல்லா அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈர யூனிஃபார்மோடு வந்து எல்லை தாண்டினார்.

"எனக்க பேருல இருக்க வீட்டுல, எனக்க துணியக் காயப்போட நான் இவகிட்ட பாஸ் வாங்கணுமா? எல்லாரும் துணிய எடுத்துட்டு வாங்கட்டீ."

எல்லோரும் வந்தோம். கார்டும் வந்தாள். போர்வை, சுடிதார், கர்ட்டன் என்று காய வேண்டியது, வேண்டாதது எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். அறைக்குள் வெளிச்சம் வரவில்லை. அக்கா வந்து பார்த்தார். உள்ளே போய்விட்டார். அன்று முழுவதும் யாரிடமும் பேச்சில்லை. மறுநாள் காலை தட்டுச் சத்தம். பொதுமக்கள் நலன் கருதி, அரசு தானாக முன்வந்து, பால்கனியை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. அறிவித்துவிட்டு எங்களிடமிருந்து நன்றியை எதிர்பார்த்து நின்றார். ஸ்டெல்லா அக்கா கொஞ்சமாகக் கை தட்டினார்.

அதற்குப் பிறகு ஆட்சி கொஞ்சம் தளர்ந்தது. அக்கா ஆய்வேட்டைக் கடைசித் தேதிக்குள் அனுப்பிவிட்டார். அதன் நகல்தான் ஆபீசில் என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த காகிதக் கட்டு. வாய்மொழித் தேர்வு ஆன்லைனில் என்று மெயில் வந்தது. நாங்கள் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துப் படித்துச் சொன்னோம்.

தேர்வு நாளில் ஃபிளாட்டில் ஊரடங்கு. மீன் பொரிக்கத் தடை. அக்கா இடுப்புக்கு மேலே பட்டுப்புடவை முந்தானை, கீழே ட்ராக் பேண்ட். வாய்மொழித் தேர்வு என்பதால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆளே இல்லாவிட்டால் அசிங்கம் என்று எங்கள் ஐந்து பேரையும் ஐந்து போனில் சேரச் சொன்னார். கேமராவுக்குப் பிடிபடாமல் எதிர்க் கட்டில்களில் உட்கார்ந்திருந்தோம்.

அரை மணி நேரம் அக்கா பொழிந்து தள்ளினார். எந்தத் துறைமுகத்தில் என்ன கட்டணம், எந்த ஆற்றில் மரம் மிதக்கவிட என்ன விதி, எல்லாம் வந்தது. வேறு யுனிவர்சிட்டியைச் சேர்ந்த தேர்வாளர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டமெல்லாம் அழகா சொல்லிட்டீங்கம்மா. ஆனா விறகு பொறுக்கினவங்க என்ன பண்ணாங்க? இவ்வளவு பக்கத்துலயும் கவர்மெண்ட் மட்டும்தான் பேசுது. இது ஆய்வா, அரசு கெஜட்டா? திருப்பி எழுதச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன்."

திருப்பி எழுத அக்காவுக்கு நேரம் கிடையாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கவர்மெண்ட் அக்கா பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் இரண்டாவது தடவை பார்த்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நெட் போய்விட்டதோ என்று அக்காவின் ஆய்வு கைடு அந்தப் பக்கம் கேட்டார். அக்கா லேப்டாப்புக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"ஐயா, நான் ஒரு பால்கனியை ஆண்டிருக்கேன்" என்றார்.

தேர்வாளர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். முதலில் பாஸ் வாங்கினார்கள், பிறகு கார்டைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள், பிறகு கார்டு இல்லாத நேரம் பார்த்து வந்தார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள்.

"மறுநாள் நானே மனசிரங்கித் திறந்துவிட்ட மாதிரி அறிவிச்சேன். ஃபைல்ல எழுதுனா என் அறிவிப்பு மட்டும்தான் இருக்கும். துணி இருக்காது. நான் இத்தனை வருஷம் படிச்சதெல்லாம் அந்த மாதிரி ஃபைல்தான் ஐயா. சலுகைன்னு எழுதியிருக்குற இடத்துல எல்லாம், அதுக்கு முந்தின நாள் யாராவது சேர்ந்து வந்திருப்பாங்க. அதைத் தேடாம விட்டுட்டேன்."

பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார் கைடு. வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்களாம். நான் மைக்கைத் திறந்தேன். திட்டம் போட்டெல்லாம் இல்லை. ஒரே அறை என்பதால் என் குரல் முதலில் என் வாயிலிருந்தும் அப்புறம் அக்காவின் லேப்டாப்பிலிருந்தும் வந்தது.

"காட்டுல விறகு எடுத்தா கருவி, படகு, வண்டி, மாடு எல்லாத்தையும் பறிக்கலாம்னு சட்டத்துல இருக்குன்னு படிச்சேன். எங்க அம்மாகிட்டயும் கார்டு விறகத் தொட மாட்டாரு. அருவாளத்தான் பிடுங்கிட்டுப் போவாரு. அது ஏன்னு எங்கயும் எழுதலையே."

அக்கா கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"விறகு இன்னைக்கு அடுப்பு. அருவா அடுத்த வாரத்து அடுப்பு. அதைப் பிடுங்கிட்டா ஆளை ஜெயில்ல போட வேண்டியதில்ல, சோறு போட வேண்டியதில்ல. படகும் அதே கணக்குதான். இதை நான் எழுதியிருக்கணும்." பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பினார். "கேள்வி கேட்டவங்களை எனக்குத் தெரியும் ஐயா. என்கிட்ட கார்டா இருந்தவங்க. லஞ்சம் வாங்கினவங்க."

தேர்வாளர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு இருமும் அளவுக்கு. புத்தகமாகப் போடும்போது பால்கனியைச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். ஸ்டெல்லா அக்கா மைக்கை மூட மறந்து ஏசுவே என்றது அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது.

இப்போது கவர்மெண்ட் அக்கா மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். முதலாண்டுப் பெண்கள் என்ன பாடு படுகிறார்களோ தெரியாது. அவர் கட்டிலுக்கு வந்திருக்கும் பெண் மிகவும் அமைதி. அந்த அமைதிக்கு நாங்கள் யாரும் இன்னும் பழகவில்லை.

நான் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டேன். அக்கா சொல்லி இல்லை; சேர்ந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். முதல் பரீட்சை சனிக்கிழமை, மையம் மதுரை. லீவு பாஸ் ஆகிவிட்டது. டிக்கெட் புதன்கிழமைக்கே போட்டிருக்கிறேன். நடுவில் இரண்டு நாள் எதற்கு என்று ஆபீசில் கேட்டபோது படிப்பதற்கு என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் நான் புத்தகத்தைத் தொடப் போவதில்லை. அக்கா பேசட்டும், நான் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன்.